ஆளில்லாப் படகை கண்மாயில் விட்டுப் பார்ப்பது எப்படி? மும்பை - தூத்துக்குடி 'மாதங்கி' முதல் விஸ்வநத்தம் வரை... முழு விளக்கம்

2024 அக்டோபர் 29. பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் காணொலி வழியாகக் கொடியசைத்து ஒரு கடல் பயணத்தைத் தொடங்கி வைத்தார். படகின் பெயர் 'மாதங்கி'. கிளம்பும் இடம் மும்பை, சேரும் இடம் தூத்துக்குடி. தூரம் சுமார் 1,500 கிலோமீட்டர். படகில் ஓட்டுநர் கிடையாது.

சாகர் டிஃபென்ஸ் இன்ஜினியரிங் என்ற இந்திய ஸ்டார்ட்-அப் நிறுவனம், கடற்படையின் ஆதரவோடு உருவாக்கிய படகு இது. பயணத்துக்கு 'சாகர்மாலா பரிக்கிரமா' என்று பெயர் வைத்தார்கள்.

தூத்துக்குடிக்குப் பக்கத்து மாவட்டம் விருதுநகர். அங்கே சிவகாசியை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் இவைதான் தொழில். கடல் கிடையாது, கண்மாய் உண்டு. அந்த ஊரில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் பிவிசி பைப்பையும் சின்ன மோட்டாரையும் வைத்து, தானாகவே போய்த் தானாகவே திரும்பும் ஒரு குட்டிப் படகைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

செய்வது பாதி வேலைதான். அதைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது மீதி. கண்மாய்க்கு நடுவில் படகு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கரையில் இருக்கும்போதே பதில் வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குவார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரிமோட் படகுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ரிமோட் படகு ஒன்றும் புதுசு இல்லை. 1898-லேயே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னப் படகை ரேடியோ அலையால் இயக்கிக் காட்டினார் விஞ்ஞானி நிகோலா டெஸ்லா. அதற்கு அதே ஆண்டு காப்புரிமையும் வாங்கினார்.

ஆனால் அந்தப் படகுக்கு என்ன செய்யணும் என்று ஒவ்வொரு நொடியும் கரையில் இருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தானியங்கிப் படகு அப்படி இல்லை. 'இந்த இடத்துக்குப் போ, அங்கிருந்து அந்த இடத்துக்குப் போ, பிறகு திரும்பி வா' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். வழியில் காற்று தள்ளினாலும் தன் திசையைத் தானே சரி செய்துகொள்ளும்.

உள்ளே என்னென்ன இருக்கு?

மாதங்கி போன்ற பெரிய படகிலும் சரி, வீட்டில் செய்த குட்டிப் படகிலும் சரி, அடிப்படை ஒன்றுதான்.

* ஜிபிஎஸ்: படகு இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லும். சாதாரண ஜிபிஎஸ் திறந்த வெளியில் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும்.
* திசைகாட்டி: படகின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும்.
* கட்டுப்பாட்டுப் பலகை: இதுதான் மூளை. பிக்ஸ்ஹாக் வகை பலகைகளை ட்ரோன் செய்பவர்கள் நிறைய பயன்படுத்துகிறார்கள். அதில் ஓடும் 'ஆர்டுபைலட்' மென்பொருள் இலவசம். அதில் படகுக்கென்று தனி அமைப்பே இருக்கிறது.
* மோட்டார், பேட்டரி: தள்ளுவதற்கு.
* ரேடியோ: கரையில் இருப்பவர் பார்ப்பதற்கும், அவசரத்துக்குக் கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பதற்கும்.

ரேடியோ வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். ரிமோட்டுகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் இந்தியாவில் உரிமம் தேவையில்லை. 865 - 867 மெகாஹெர்ட்ஸும் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் அடிக்கடி காட்டும் 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ, இங்கே அந்த விலக்குக்குள் வராது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவி என்றால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

இப்படி ஒரு படகு எதுக்கு?

விளையாட்டுக்கு மட்டும் இல்லை. சென்னை ஐஐடியின் துறைமுகங்கள், நீர்வழிகள், கடற்கரைகளுக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் சூரிய சக்தியில் ஓடும் ஆளில்லா ஆய்வுப் படகு ஒன்றை உருவாக்கியது. எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்தில் அதைச் சோதித்தார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் செய்தி வெளியானது. தண்ணீரின் ஆழத்தை அளப்பதுதான் அதன் முக்கிய வேலை.

ஆழத்தை எப்படி அளக்கும்? படகின் அடியில் இருக்கும் கருவி கீழே ஒரு ஒலியை அனுப்பும். தரையில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் போடும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஒலி போய்வர ஒரு நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு ஆனது என்றால் ஆழம் 3 மீட்டர். அவ்ளோதான் கணக்கு.

இதே வேலை கண்மாய்க்கும் ரொம்பத் தேவை. ஒரு கண்மாயில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, உண்மையில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எங்கே திடீர்ப் பள்ளம் இருக்கிறது என்பதெல்லாம் கரையில் நின்று பார்த்தால் தெரியாது. மண் அள்ளிய பள்ளங்கள் மழை பெய்ததும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். முழங்கால் அளவு என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

ஆள் இறங்கி அளக்க வேண்டிய இடத்தில் ஆளுக்குப் பதில் படகு போகிறது. ஆளில்லாப் படகின் நோக்கமே இதுதான்.

(ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'வாட்டர் ப்ரூஃப்' அல்ட்ராசோனிக் சென்சார் காற்றில் தூரம் அளப்பதற்கானது. அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் சரியான ஆழம் வராது. அதற்கு எக்கோ சவுண்டர் என்ற தனிக் கருவி வேண்டும்.)

முதல் சோதனை வீட்டுத் தொட்டியில்

படகைச் செய்து முடித்ததும் நேராகக் கண்மாய்க்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. முதல் சோதனை வீட்டு சிமெண்ட் தொட்டியிலோ பெரிய பிளாஸ்டிக் டப்பிலோ நடக்கணும்.

மிதக்குமா என்ற கேள்விக்குக் கணக்கிலேயே பதில் கிடைக்கும். 1 லிட்டர் தண்ணீரை விலக்கினால் 1 கிலோ எடையைத் தாங்கும். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் இரண்டை, ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி இருபுறமும் மூடி போட்டால், ஒரு பைப்பின் கொள்ளளவு சுமார் 7 லிட்டர். இரண்டும் சேர்ந்து 14 லிட்டர். பைப் பாதி மட்டும் மூழ்கியிருக்க வேண்டும் என்றால், பைப்பையும் சேர்த்து மொத்த எடை 7 கிலோவைத் தாண்டக் கூடாது. மீதிப் பாதி, அலை அடிக்கும்போது படகைக் காப்பாற்றும் இருப்பு.

தொட்டியில் பார்க்க வேண்டியவை மூன்று.

* ஒரு மணி நேரம் மிதக்க விட்டு எடுத்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இருக்கும் இடத்தில் டிஷ்யூ காகிதத்தை ஒட்டி வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.
* கையால் ஒரு பக்கம் அழுத்திவிட்டு விடுங்கள். படகு தானாக நிமிரணும். நிமிராவிட்டால் எடை மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியைக் கீழே இறக்குங்கள்.
* பைப்புக்குள் தெர்மாகோல் துண்டுகளை அடைத்து வையுங்கள். ஓட்டை விழுந்தாலும் படகு முழுசாக மூழ்காது. மிதந்துகொண்டிருக்கும் படகை எப்படியும் எடுத்துவிடலாம். மூழ்கிய படகுக்காகத்தான் ஆள் முங்குவார்.

அச்சக ஊரில் ஒரு சிக்கல்

சிவகாசி வட்டாரத்தில் பழைய ஆஃப்செட் பிளேட் சுலபமாகக் கிடைக்கும். லேசான அலுமினியத் தகடு, துருப்பிடிக்காது, கத்தரிக்கோலால் வெட்டலாம். படகுக்கு மேல்மூடியாகப் போட ஆசை வரும்.

போடலாம், ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு மேலே போடக் கூடாது. வானத்தில் இருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் ரொம்பப் பலவீனமானது. ஒரு மெல்லிய உலோகத் தகடே அதை மறைத்துவிடும். மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது நன்றாக வேலை செய்யும் படகு, மூடியைப் போட்டதும் வழி தெரியாமல் நிற்கும்.

திசைகாட்டிக்கு வேறு பிரச்சினை. அலுமினியம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. இரும்புத் திருகு, மோட்டாரில் இருக்கும் காந்தம், பேட்டரியில் இருந்து போகும் தடித்த வயர் இவைதான் அதைக் குழப்பும். அதனால் ஜிபிஎஸ், திசைகாட்டி இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் குழாயின் உச்சியில், மற்ற பொருள்களில் இருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கி வைப்பது நல்லது.

பட்டாசு ஊரில் பேட்டரி

விஸ்வநத்தம் பக்கம் இதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதி வைக்கணும்.

குட்டிப் படகுகளில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரி போடுவார்கள். எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, குத்துப்பட்டாலோ, தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனாலோ தீப்பிடிக்கும். அந்தத் தீ சுலபத்தில் அணையாது.

பட்டாசோ, தீப்பெட்டியோ, மருந்தோ, திரியோ வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் சார்ஜ் போடவே கூடாது. வீட்டோடு சேர்ந்து கடையோ குடோனோ இருந்தால் வீட்டிலும் வேண்டாம். படுக்கும்போது சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. திறந்த இடத்தில், சிமெண்ட் தரையில், பார்வையில் வைத்து சார்ஜ் போட வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. உப்பிப்போன பேட்டரியையும், தண்ணீருக்குள் போய் வந்த பேட்டரியையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை என்றால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இதைவிடப் பாதுகாப்பானது. ட்ரோனைப் போலப் படகு தன் எடையை மோட்டாரால் தூக்க வேண்டியதில்லை. அந்த வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கண்மாய்? எந்தக் கரை?

முதலில் அனுமதி. தமிழகத்தில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மீன் குத்தகை எடுத்தவர் ஒருவரும் இருக்கலாம். அவரிடம் கண்டிப்பாகப் பேசணும். எங்கே வலை போட்டிருக்கிறது, எங்கே முள் கிடக்கிறது, எங்கே பள்ளம் என்று கூகுள் மேப்பைவிட அவருக்குத்தான் தெரியும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்:

* மடை பக்கம். திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கும்.
* கலுங்கு பக்கம். நிறைந்து மறுகால் போகும்போது படகும் சேர்ந்து போய்விடும்.
* சீமைக்கருவேலம் முளைத்த பகுதி. வறட்சியில் வளர்ந்த மரம், மழைக்குப் பிறகு தண்ணீருக்குள் மறைந்து நிற்கும். மோட்டார் விசிறி அதில் சிக்கினால் படகு அங்கேயே நிற்கும்.
* ஆகாயத்தாமரை படர்ந்த இடம்.

அடுத்து, எந்தக் கரையில் நின்று விடுவது? இதற்கு ஒரே விதிதான். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ, அந்தக் கரையில் நிற்க வேண்டும்.

மோட்டார் நின்றுபோன படகைக் காற்று மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகும். நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்றாலும் 10 நிமிடத்தில் 120 மீட்டர். முதுகில் காற்று படும்படி நின்று விட்டால் அந்த 120 மீட்டரும் நம்மை விட்டு விலகிப் போகும். முகத்தில் காற்று படும்படி நின்று விட்டால், செத்துப்போன படகும் நம் காலடிக்கு வந்து சேரும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்குக் காற்று அடிக்கும்போது கிழக்குக் கரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்மேற்குக் கரை. எப்படியும் அன்றைக்கு ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பகுதிக் கண்மாய்களில் தண்ணீர் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான். இடி, மின்னலும் அப்போதுதான் வரும். வானம் இருட்டினால் படகைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் சரி.

தண்ணீரில் 5 கட்டம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதிக்கணும் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு கட்டம் சரியாக வந்த பிறகுதான் அடுத்தது.

கட்டம் 1 - கயிற்றோடு. படகின் பின்பக்கம் நைலான் கயிற்றையோ தடித்த தூண்டில் நரம்பையோ கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு விடுங்கள். கயிறு விசிறியில் சிக்காதபடி இடையிடையே சின்ன தெர்மாகோல் மிதப்பு கட்டுங்கள். முன்னே, பின்னே, இடம், வலம் சரியாகப் போகிறதா? இரண்டு மோட்டார் உள்ள படகில் இடது, வலது மோட்டார்களின் இணைப்பு ஒன்றுக்கொன்று மாறிப்போய், வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போவது ரொம்ப சகஜம்.

கட்டம் 2 - ரிமோட்டில். கயிறு இல்லாமல், கரையில் இருந்து 20 மீட்டருக்குள். இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று. படகுக்கு பிரேக் கிடையாது. மோட்டாரை நிறுத்திய பிறகும் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

கட்டம் 3 - நின்ற இடத்தில் நில். நடுவில் கொண்டுபோய் 'லாய்ட்டர்' நிலையில் போடுங்கள். காற்று தள்ளினாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே படகு நிற்க முயற்சி செய்யும். ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றனவா என்பது இதில் தெரிந்துவிடும். திசைகாட்டி தவறாக இருந்தால், படகு நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். உடனே ரிமோட்டுக்கு மாற்றிக் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

கட்டம் 4 - இரண்டு புள்ளி. இப்போதுதான் தானியங்கிப் பயணம். லேப்டாப்பில் வரைபடத்தைப் பார்த்து, 30 மீட்டர் இடைவெளியில் இரண்டே இரண்டு புள்ளிகள். போய்த் திரும்பி வரட்டும். சாதாரண ஜிபிஎஸ்ஸே சில மீட்டர் பிசகும் என்பதால், கரையில் இருந்தும் முள்ளில் இருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் புள்ளி வையுங்கள்.

கட்டம் 5 - வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உண்மையான பரீட்சையும் இதுதான். கீழே விரிவாகப் பார்க்கலாம்.

படகு பாம்பு மாதிரி நெளியுதா?

நான்காம் கட்டத்தில் பெரும்பாலும் இது நடக்கும். நேராகப் போக வேண்டிய படகு இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே போகும்.

காரணம் எளிது. சைக்கிள் புதிதாகக் கற்பவர் லேசாகச் சாய்ந்ததும் ஹேண்டில்பாரைப் பலமாகத் திருப்புவார். அது மறுபக்கம் சாய்க்கும். உடனே இந்தப் பக்கம் பலமாகத் திருப்புவார். படகும் அதையேதான் செய்கிறது. மென்பொருளில் திருப்பும் வேகத்துக்கான எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நெளிவு அடங்கும். ரொம்பக் குறைத்துவிட்டால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நீண்ட வளைவு போடும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றணும். மாற்றியதை நோட்டில் எழுதணும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

சிக்னல் போனால் என்ன ஆகும்?

ஐந்தாம் கட்டம் இதற்குத்தான். படகு கரையில் இருந்து 20, 30 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது ரிமோட்டை வேண்டுமென்றே அணைத்துவிடுங்கள். படகு என்ன செய்கிறது?

எதுவும் அமைக்காமல் விட்டிருந்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். முன்கூட்டியே முடிவு செய்து மென்பொருளில் பதிந்திருக்க வேண்டும். பாதுகாப்பான வரிசை இது:

* ரேடியோ தொடர்பு போனால்: புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வா.
* ஜிபிஎஸ்ஸும் போனால்: மோட்டாரை நிறுத்து. மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். நாம்தான் சரியான கரையில் நிற்கிறோமே!
* பேட்டரி குறைந்தால்: வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பு. பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு இருப்பு என்று கணக்கு வைத்தால் எதிர்காற்றிலும் சமாளிக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'திரும்பி வா' என்றால் படகு நேர்கோட்டில் திரும்பும். நடுவில் மேடு இருக்கிறதா, கருவேலம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆர்டுபைலட்டில் 'ஸ்மார்ட் ஆர்டிஎல்' என்று இன்னொரு வழி உண்டு. போன தடத்திலேயே திரும்பி வரும். சிக்கலான கண்மாய்க்கு அதுதான் பொருத்தம்.

'புறப்பட்ட இடம்' என்பது மோட்டாரை இயங்கத் தயாராக்கிய, அதாவது 'ஆர்ம்' செய்த இடம். அதனால் தண்ணீரின் ஓரத்தில் வைத்துத்தான் ஆர்ம் செய்யணும். வேறு கரையில் ஆர்ம் செய்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தால், படகு அந்தக் கரைக்குத்தான் போகும்.

பெரிய படகுகளே எங்கே நின்றன?

பள்ளி மாணவர் செய்த படகு நின்றால் வெட்கப்பட எதுவும் இல்லை. உலகப் புகழ்பெற்ற படகுகளே நடுக்கடலில் நின்றிருக்கின்றன.

2021 ஜூனில் ஐபிஎம் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, 'மேஃப்ளவர்' என்ற தானியங்கிக் கப்பல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் இருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது. சில நாளிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. பழுதானது செயற்கை நுண்ணறிவு இல்லை. ஜெனரேட்டரின் புகைக்குழாயை இணைக்கும் ஓர் உலோக இணைப்பு. அடுத்த ஆண்டு மீண்டும் கிளம்பி, 2022 ஜூனில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைச் சேர்ந்தது.

டேமன் மெக்மில்லன் என்ற அமெரிக்கப் பொறியாளர், வீட்டிலேயே 'சீசார்ஜர்' என்ற சுமார் 8 அடி நீளச் சூரிய சக்திப் படகைச் செய்தார். 2016-ல் அது கலிபோர்னியாவில் இருந்து யாரும் இல்லாமல் ஹவாய் தீவுக்கே போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து நியூசிலாந்துக்கு அனுப்பினார். இலக்கை நெருங்கும் நேரத்தில் சுக்கான் பழுதாகி நின்றது. பிறகு ஒரு சரக்குக் கப்பல் அதைத் தூக்கிக்கொண்டது.

அட்லாண்டிக் கடலைத் தானாகக் கடக்கும் சின்னப் பாய்மரப் படகுகளுக்கான 'மைக்ரோட்ரான்சாட்' போட்டி 2010-ல் தொடங்கியது. 20-க்கும் மேற்பட்ட முயற்சிகள் தோற்றன. சில மீன் வலையில் சிக்கின, சில காணாமலே போயின. 2018-ல்தான் நார்வேயின் 'செயில்பாய்' என்ற 2 மீட்டர் படகு முதல் முறையாகக் கடந்து முடித்தது.

மூன்றிலும் ஒரே பாடம்தான். கம்ப்யூட்டர் கெட்டு நின்ற படகைவிட, ஒரு குழாய் இணைப்பு, ஒரு சுக்கான், ஒரு வலை இவற்றால் நின்ற படகே அதிகம். அதனால் கரையில் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் கோடிங் இல்லை. திருகு இறுகியிருக்கிறதா, மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா, விசிறியில் பாசி சுற்றியிருக்கிறதா என்பதைத்தான்.

சரி, நடுவில் நின்னுட்டா?

முதலில் காத்திருங்கள். காற்று கொண்டுவரும். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பலரும் அந்த அரை மணி நேரம் பொறுக்க முடியாமல்தான் இறங்குகிறார்கள்.

வரவில்லை என்றால்:

* தூண்டில் கம்பு, நீள நரம்பு, நுனியில் சின்ன எடை. படகுக்கு அந்தப் பக்கம் விழும்படி வீசி மெதுவாக இழுக்கலாம். இதற்காகப் படகின் மேலே ஒரு கம்பி வளையம் முன்கூட்டியே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.
* இரண்டு பேர் எதிரெதிர்க் கரையில் நின்று, நீளக் கயிற்றைத் தண்ணீர் மேல் இழுத்துக்கொண்டு நடந்தால் சின்னக் கண்மாயில் படகு கரைக்கு வந்துவிடும்.
* மீன் குத்தகைக்காரரிடம் படகு இருந்தால் அவரிடம் கேளுங்கள்.
* எதுவும் முடியவில்லை என்றால் மறுநாள் வாருங்கள். தெர்மாகோல் அடைத்த படகு எங்கேயும் போகாது.

நீச்சல் தெரியும் என்பது இறங்குவதற்குக் காரணம் ஆகாது. கண்மாயில் நீச்சலைவிடச் சேறும் முள்ளும் வலையும் பலமானவை. சோதனைக்குத் தனியாகப் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கையில் 15 மீட்டர் கயிறும் மூடி இறுக்கிய காலி கேன் ஒன்றும் கண்டிப்பாக இருக்கணும். யாராவது தவறி விழுந்தால் பின்னால் குதிக்காமல் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள், 112-க்கோ 108-க்கோ கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று

எண்ணூரில் துறைமுக ஆழத்தை அளந்த படகும், மும்பையில் இருந்து தூத்துக்குடியை நோக்கிக் கிளம்பிய மாதங்கியும் ஒரே காரணத்துக்காக உருவானவை. ஆள் போக வேண்டிய ஆபத்தான, அலுப்பான இடத்துக்கு ஆள் இல்லாமல் போய் வர வேண்டும்.

விஸ்வநத்தம் மாணவரின் படகுக்கும் அதே அளவுகோல்தான். எல்லாப் புள்ளிகளையும் சரியாகத் தொட்டு வந்தால் நல்ல படகு. பாதியில் நின்று, காற்றில் மிதந்து, மூன்று மணி நேரம் கழித்துக் கரை சேர்ந்தாலும் நல்ல சோதனைதான். ஏன் நின்றது என்று எழுதி வைத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிசெய்யலாம். ஆனால் அதை எடுக்க ஒருவர் தண்ணீரில் இறங்கினார் என்றால், படகு பத்திரமாகக் கைக்கு வந்தாலும் அந்தச் சோதனை தோல்விதான்.